ஏடும் எழுத்தாணியும்: ஓலையைப் பாடம் செய்யும் முறை

1981 ஜூன் முதல் நாளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து முடிந்தபோது, நூல்களும் சுவடிகளுமாக ஏறத்தாழ 97,000 அழிந்திருந்தன. அச்சு நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி கிடைக்கலாம். கையால் எழுதிய ஏட்டுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதன் பின்னரான போரிலும் இடப்பெயர்வுகளிலும் வீட்டு ஏடுகள் பலவும் போயின. ஆனாலும் சாதகம், வைத்திய வாகடம், கூத்துப் பிரதி என்று சில குடும்பங்களிடம் இன்னும் ஏடுகள் இருக்கின்றன. ஏடு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் எஞ்சியதை எப்படிப் பேணுவது என்பதும் விளங்கும். அதற்காகவே, நான் பழகிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முற்றிய ஓலை வெடிக்கும், இளங்குருத்து சுருங்கும். ஆகவே குருத்தை அடுத்த நடுத்தர ஓலையே ஏற்றது. ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு மஞ்சள் கலந்த நீரில் நெகிழும்வரை அவித்து, மீண்டும் நிழலில் காயவிட வேண்டும். மஞ்சள் பூச்சிகளை ஓரளவு தடுக்கும். காய்ந்த ஓலையைச் சங்கால் அல்லது வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் எழுத்தாணி தடையின்றி ஓடும். இதைத்தான் ஓலையைப் பாடம் செய்தல் என்பார்கள்.

அடுத்து, ஏடுகளை அடுக்கி இரண்டு துளைகள் இடுவர். ஒன்றில் நாராசம் என்னும் கம்பி நிற்கும். மற்றதில் கயிறு ஓடும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி.

எழுத்தாணி இரும்பு முனை கொண்டது. இடக்கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கையின் பெருவிரலில் எழுத்தாணியைச் சாய்த்துக் கீறுவார்கள். எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் அல்லது பச்சிலைச் சாற்றில் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கும்.

பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. கூரான முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பதே வழமையாகச் சொல்லப்படும் காரணம். எகர ஏகார வேறுபாடும் தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லைப் பிரித்தும் எழுதமாட்டார்கள். இத்தகைய ஏடுகளை ஒப்பிட்டுப் படித்துத்தான் நல்லூர் ஆறுமுக நாவலரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் நூல்களைப் பதிப்பித்தனர். கலித்தொகை 1887இல் தாமோதரம்பிள்ளையின் பதிப்பாக அச்சேறியது.

ஏடு என்றும் நிலைப்பதல்ல. செல்லும் பூச்சியும் ஈரமும் அதை அரிக்கும். முன்னோர் அதற்குக் கண்ட வழி, பழுதாகுமுன் புதிய ஓலையில் படியெடுப்பது. படியெடுக்கும் கை நின்றபோது ஏட்டின் ஆயுளும் எண்ணப்படத் தொடங்கிவிட்டது. இன்று படியெடுக்கும் வேலையைக் கமரா செய்யலாம்.

உங்களிடம் ஏடு இருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்க வேண்டாம். தண்ணீரால் துடைக்கவோ வெயிலில் காயவைக்கவோ கூடாது. பசை, ஒட்டுநாடா எதுவும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். இலகுவாகப் பிரியும் ஏடுகளை வரிசை மாறாமல் இருபுறமும் படம் எடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்தால் அளவும் பதிவாகும். யாருடைய ஏடு, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்பதையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நூலக நிறுவனம் போன்றவை ஏடுகளை எண்ணிமப்படுத்தி வருகின்றன. மூல ஏட்டைக் கைவிடாமலே அதன் படியைப் பிறரோடு பகிரலாம். ஒரே பிரதியாக இருக்கும்வரை அது ஒரு தீயில் போய்விடக்கூடியது.