கம்பியை வைத்திருந்தவர்கள்

மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவன் நான். டெலிபிரிண்டர் கக்கும் தாளைக் கிழித்து, அரசியல் ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம் என்று அடுக்கி, ஆங்கிலத்தைத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்புவதுதான் பாதி ராத்திரி வேலை. அந்தக் கம்பியில் வந்ததுதான் எங்களுக்கு உலகம். வராதது நடக்கவே இல்லை என்று பொருள். கம்பி யாருடையது என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் விழுந்தது.

பதிலைத் தேடிப் போனால் 1870 ஜனவரிக்குப் போகவேண்டும். பாரிஸின் ஹாவாஸ், பெர்லினின் வோல்ஃப், லண்டனின் ராய்ட்டர் ஆகிய மூன்று செய்தி நிறுவனங்களும் அந்த மாதம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உலகத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. மூவரும் அந்நியர்கள் அல்லர். சார்ல் ஹாவாஸ் 1835இல் தொடங்கிய நிறுவனத்தில் வேலை பழகியவர்கள்தான் வோல்ஃபும் ராய்ட்டரும். 1850இல் பெர்லினிலிருந்து ஆகென் வரை தந்தி இருந்தது, பாரிஸிலிருந்து பிரசெல்ஸ் வரையும் இருந்தது, நடுவில் இல்லை. அந்த இடைவெளியில் புறாக்களின் காலில் பங்குச் சந்தை விலைகளைக் கட்டி அனுப்பிப் பிழைத்தவர் ராய்ட்டர். கம்பி இணைந்ததும் புறாவுக்கு வேலை போயிற்று. மறு ஆண்டே லண்டனுக்குப் போய் அலுவலகம் திறந்தார். இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலடிக் கம்பி இணைத்ததும் அதே 1851இல்தான். இந்த மனிதரின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஒப்பந்தம்தான் வேறு கதை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஹாவாஸுக்கு. ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா வோல்ஃபுக்கு. பிரிட்டிஷ் பேரரசும் கிழக்காசியாவும் ராய்ட்டருக்கு. கடலடிக் கம்பியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே செய்தியைப் பரிமாறிக்கொண்டு செலவைக் குறைப்பது நியாயமே. நியாயம் கெட்டது அடுத்த நிபந்தனையில்: ஒருவர் எல்லைக்குள் மற்றவர் விற்கக்கூடாது, வெளியாருக்குச் செய்தி தரவும் கூடாது. புதிதாக ஒருவன் இந்தத் தொழிலுக்கு வந்தால் அவனுக்கு வெளிநாட்டுச் செய்தி கிடைக்க வழியே இல்லை. பத்திரிகைக்காரன் அந்தந்த நாட்டுக்குரிய நிறுவனத்தின் வாசலில்தான் நிற்கவேண்டும். ஏற்பாடு ஏறத்தாழ 64 ஆண்டுகள் நீடித்தது.

ராய்ட்டர் 1866இலேயே பம்பாயில் அலுவலகம் திறந்துவிட்டது. 1870இல் லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடிக் கம்பியும் வந்தபின் இந்தியா அதன் தனிச்சந்தை. கே.சி. ராய் உருவாக்கிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா உள்நாட்டுச் செய்தியைத் திரட்டியது. அதுவும் பிறகு ராய்ட்டரின் உடைமையாயிற்று. உள்ளே வரும் செய்தி, வெளியே போகும் செய்தி இரண்டுக்கும் ஒரே கதவு. இந்தியாவைப் பற்றி உலகம் படித்ததெல்லாம் லண்டன் மேசையைத் தாண்டித்தான் போயிற்று.

இதை எதிர்த்து நின்றவர் எஸ். சதானந்த். 1920களில் ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். செய்தியை வாங்கப் பத்திரிகைகள் தயங்கவே, தாமே பத்திரிகை நடத்தத் துணிந்தார். 1930இல் பம்பாயில் ஃப்ரீ பிரஸ் ஜர்னல். சென்னையில், டாக்டர் வரதராஜுலு நாயுடு தொடங்கிய இந்தியன் எக்ஸ்பிரஸ் அவர் கைக்கு வந்தது. 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில், டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராகத் ‘தினமணி’ பிறந்ததும் சதானந்தின் முயற்சியில்தான். ஆனால் அரசு ஜாமீன் தொகைகளைப் பறித்தது, கடன் நெரித்தது; 1935இல் ஃப்ரீ பிரஸ் செய்தி நிறுவனம் மூடப்பட்டது. இந்தியன் எக்ஸ்பிரஸும் தினமணியும் ராம்நாத் கோயங்காவிடம் போயின. தமிழ் நாளிதழ் வரலாற்றின் ஒரு பெரிய திருப்பம் இப்படி ஒரு செய்திக் கம்பிச் சண்டையின் விளைவு என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

1870 ஒப்பந்தத்தை உடைத்தது அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ். தங்கள் நாட்டைக் குற்றமும் கும்பல் கொலையுமாகவே ராய்ட்டர் வெளியே காட்டுகிறது என்பது அதன் பொது மேலாளர் கென்ட் கூப்பரின் நெடுநாள் குமுறல். 1933இல் ஜப்பானின் ரெங்கோ நிறுவனத்தோடு நேரடியாக உடன்பாடு செய்தார். மறு ஆண்டு பழைய ஏற்பாடு நொறுங்கியது. ஆனால் அதே அசோசியேட்டட் பிரஸ் சொந்த ஊரில், உறுப்பினரான பத்திரிகை தன் போட்டிப் பத்திரிகையை உள்ளே சேரவிடாமல் தடுக்க வழி வைத்திருந்தது. சிகாகோ சன் பத்திரிகை அப்படித்தான் வெளியே நிறுத்தப்பட்டது. 1945இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. பூட்டை உடைத்தவர்களே தங்கள் வீட்டில் பூட்டுப் போட்டிருந்தார்கள். சந்தை பலத்துக்குத் தேசம் கிடையாது.

நம்மிடம் மாற்று பிறந்தது சென்னையில். 1947 ஆகஸ்ட் 27 அன்று பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா இங்கே பதிவாயிற்று. முதல் தலைவர் ‘தி இந்து’வின் கஸ்தூரி சீனிவாசன். பங்குதாரர்கள் பத்திரிகைகளே, லாப ஈவு கிடையாது. 1949 பிப்ரவரியில் செயல்படத் தொடங்கி, சில ஆண்டுகள் ராய்ட்டருடன் கூட்டாக இருந்து, 1953இல் தனித்து நின்றது. பிறகு நெருக்கடி நிலையின்போது, 1976இல், அரசே இது உட்பட நான்கு செய்தி நிறுவனங்களை ‘சமாசார்’ என்று ஒன்றாக்கியது. 1978இல்தான் அவை பிரிந்தன. தனியார் ஏகபோகத்தைவிட அந்த அரசு ஏகபோகம் மோசம் என்றே நான் கருதுகிறேன்.

இதழியல் துறைகளில் பாடம் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேடுபொறிகளும் சமூக ஊடக நிறுவனங்களும் செய்தியை ஆள்வதைப் பற்றி வகுப்பெடுக்கும்போது, 1870 ஒப்பந்தத்தையும் சதானந்தையும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.