ஜல்சாவும் தில்லும்: பாலாற்றங்கரை உருதும் திரைப்பாட்டுத் தமிழும்

திரைப்பாடல்களில் கொச்சை என்று ஒதுக்கப்படும் சொற்களுள் கணிசமானவை, ஆர்க்காட்டு நவாபுகளின் அவையிலும் பாசறையிலும் மதிப்போடு புழங்கியவை. நவாப் முகமது அலி வாலாஜா 1760களில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியபின், அவருடைய பரிவாரத்தின் பாரசீக, உருதுச் சொற்கள் சென்னைத் தெருக்களுக்கு இறங்கி, பின்னாளில் மெட்ராஸ் பாஷை எனப்பட்ட பேச்சில் கலந்தன. ஆனால் வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிய தோல் நகரங்களில் அதே சொற்கள் தக்கனி, அதாவது தென்னிந்திய உருது, பேசும் குடும்பங்களின் வீட்டுமொழியில் பழைய பொருளோடு நிலைத்தன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இங்கே உருதுவுக்கு மாறின. டேனரி முதலாளி உருதுவில் பேச, சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் தோலைப் புரட்டிய தலித் தொழிலாளர் தமிழில் பேசிய ஊர்கள் இவை என்பதால், ஒரே சொல் இரண்டு பொருளோடு ஒரே தெருவில் வாழ நேர்ந்தது.

'ஜல்சா' இதற்குச் சிறந்த சான்று. அமர்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த இச்சொல் உருதுவில் கூட்டத்தைக் குறிக்கும். மதரஸா ஆண்டுவிழாவும் ஜல்சாதான், அரசியல் பொதுக்கூட்டமும் ஜல்சாதான். ஜோதிராவ் பூலே 1873இல் தொடங்கிய சத்தியசோதக் சமாஜத்தின் கருத்துகளை மராட்டியக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற பாட்டுக்குழுக்களுக்கும், பின்னர் அம்பேத்கர் இயக்கத்தின் பாட்டுக்குழுக்களுக்கும் அதுவே பெயராயிற்று. இசையும் நடனமும் நடக்கும் அவை என்ற கிளைப்பொருளும் அதற்கு உண்டு. தமிழ் அந்தக் கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு, அவையை விட்டுவிட்டுக் கேளிக்கையையும், கேளிக்கையில் காமச்சாயலையும் வைத்துக்கொண்டது. மும்பையில் அமிதாப் பச்சன் தம் வீட்டுக்குச் சூட்டிய இப்பெயரைத் தமிழ்நாட்டில் ஒருவர் வாசல் பலகையில் எழுதத் தயங்குவார்.

மற்றச் சொற்கள் வேறு வழிகளில் நகர்ந்தன. சலிப்புற்றவர் மனநிலையைச் சொல்லும் 'பேஜார்', தமிழில் சலிப்பை உண்டாக்கும் தொல்லையையே குறிக்கலாயிற்று. ஈமான் என்னும் நம்பிக்கையை இழந்தவர் எனக் கடுமையாகச் சாடும் 'பேஈமான்', 'பேமானி' என்று தேய்ந்து, நண்பர்களுக்கிடையே செல்லத் திட்டாகவும் இளகியது. முஷாயிரா எனப்படும் உருதுக் கவியரங்கில் காதலால் நொறுங்கும் இதயமாகிய 'தில்', 2001இல் விக்ரம் நடித்த படத்தின் தலைப்பாக வந்தபோது அடிதடிக்கு அஞ்சாத துணிச்சலாக இருந்தது.

இம்மாற்றங்களைத் தொடங்கிவைத்தது திரைப்பாட்டு அன்று, தெருதான். எனினும் பல்லவியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொல், முழு வாக்கியத்தின் துணையின்றி மெட்டையும் ஆட்டத்தையும் கொண்டே பொருள்படுவதால், அதன் பழைய பொருள் உதிர்ந்து உணர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. தெருவின் பொருளை ஊர்தோறும் நிலைநிறுத்தியது பாட்டு எனலாம். அதைச் சொல்லின் சீரழிவு என்பது அவையோரின் கணக்கேயன்றித் தெருவின் கணக்கு அன்று.

2006இல் தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அறிவிக்கப்பட்டதும் 'ஜில்லுனு ஒரு காதல்' என்ற படம் 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. அந்தச் சலுகை தலைப்பை மட்டுமே பார்த்தது. அடுத்த ஆண்டே வெளிவந்த 'சென்னை 600028' படத்தில் இளைஞர்கள் கூடிக் கொண்டாடும் பாட்டு ஒன்று 'ஜல்சா' என்ற சொல்லோடுதான் வந்தது.