புனித மாட்டின் திருநாளும் குளிர்காலத்தின் வாசலும்: ஐரோப்பியக் குடியானவர் நாட்காட்டி பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

நாட்டார் விழாக்களை ஆராய்வோர் பெரும்பாலும் இருவகை விளக்கங்களுள் ஒன்றையே கைக்கொண்டு வந்துள்ளனர். ஒன்று, விழாவானது அடியார் ஒருவரின் புனித வாழ்விலிருந்து பிறந்தது என்னும் சமயஞ் சார்ந்த விளக்கம். மற்றையது, அது புராதன வழிபாடொன்றின் எச்சம் என்னும் விளக்கம். டைலரின் 'ஆதிப் பண்பாடு' (1871), பிறேசரின் 'பொற்கிளை' (1890) ஆகிய நூல்களின் செல்வாக்கினால் இது பரவியது. இவையிரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் ஓரம்சத்தில் ஒன்றுபடுகின்றன. விழாவைக் கொண்டாடிய மக்கள் அவ்வேளையில் எதை உற்பத்தி செய்தனர், அதில் யாருக்கு எவ்வளவு கொடுத்தனர் என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. இலையுதிர்காலம் குளிர்காலமாக மாறும் நவெம்பர் 11ஆந் திகதிக்குரிய புனித மாட்டின் திருநாளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூர் நகரத்து ஆயராக விளங்கிய மாட்டின் கி.பி. நான்காம் நூற்றாண்டினர். 397இல் இறந்து நவெம்பர் 11இல் அடக்கஞ் செய்யப்பட்டார். அவரை நேரில் அறிந்த சல்பீசியஸ் செவரஸ் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். போர்வீரராயிருந்த இளைஞர் மாட்டின், கடுங்குளிர் காலமொன்றில் அமியான் நகர வாயிலிலே ஆடையற்று நின்ற ஏழையொருவனைக் கண்டு, தமது மேலாடையை வாளாற் பிளந்து பாதியை அவனுக்கு ஈந்தார் என்பது அதில் வரும் புகழ்பெற்ற நிகழ்ச்சி. பிற்கால ஓவியங்கள் இக்காட்சியிலே மாட்டினைப் பெரும்பாலும் குதிரைமேல் அமர்த்துகின்றன. செவரஸின் வரலாற்றிலோ இக்காட்சியிற் குதிரை இல்லை. எளிய படைவீரன் ஒருவன், மேலிருந்து கீழ்நோக்கி ஈயும் நிலப்பிரபுத்துவ வீரனாக மாற்றப்பட்டமை வெறும் கலைஞர் கற்பனையன்று. போர் புரிதல் தமக்குத் தகாதென்று படைத்துறையை விட்டு நீங்கியவராகவே செவரஸ் அவரைச் சித்திரிக்கின்றார். ஆனால், அவரது மேலாடையெனப் போற்றப்பட்ட துணியைப் பிராங்கிய மன்னர்கள் போர்க்களத்துக்கு எடுத்துச் சென்றனர். ஆளும் வர்க்கம் ஓர் அடியாரைத் தன்வயப்படுத்தும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், ஓர் ஆயரின் அடக்க நாள் ஐரோப்பியக் கிராமங்களின் பெருநாளாக ஏன் வேரூன்றியது என்பதற்கு அவரது புகழ் மாத்திரம் விடையாகாது. இங்குதான் இயற்கையும் உற்பத்தியும் நமது கவனத்துக்கு வருகின்றன. வட ஐரோப்பாவில் நவெம்பர் தொடக்கத்திலே அறுவடை முடிந்திருக்கும். மாரிக்காலக் கோதுமை விதைக்கப்பட்டிருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகைக்குக் கீழே இறங்கப் புல் வளர்ச்சி நின்றுவிடும். கால்நடைகளைத் தொழுவத்திற் கட்டி, சேமித்த வைக்கோலையும் உலர்புல்லையுமே தீனியாக இட வேண்டும். தீனிக்கு மேற்பட்ட விலங்குகளைக் கொன்று, இறைச்சியை உப்பிட்டுச் சேமிப்பதே வழி. கருவாலிக் கொட்டைகளைத் தின்று கொழுத்த பன்றியும், அறுவடைத் தாள்களிற் சிந்திய தானியத்தைப் பொறுக்கிப் பருத்த வாத்தும் அவ்வேளையிலேதான் உண்ணத் தகுந்த நிலையை அடைந்தன. எல்லாக் கால்நடைகளும் கொல்லப்பட்டன என்னும் பழைய கருத்தைப் பண்ணைக் கணக்கேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் திருத்தியுள்ளனர். உழவெருதுகளும் இனப்பெருக்கத்துக்குரியனவும் பேணப்பட்டன, மிகையானவையே கழிக்கப்பட்டன. இத்திருத்தம் நமது வாதத்தை வலுப்படுத்துகின்றது. ஏனெனில், அந்நாளில் நிகழ்ந்தது ஒரு கணக்குப் பார்ப்பு: எது எஞ்சும், எது எஞ்சாது என்பதைக் குளிருக்கு முன் தீர்மானிக்கும் கணக்கு.

கிறித்தவத்துக்கு முந்திய ஆங்கிலோ-சக்சனியர் நவெம்பரைப் 'பலி மாதம்' என வழங்கினரென்றும், தாம் கொல்லவிருந்த கால்நடைகளை அப்போது தம் தெய்வங்களுக்கு அர்ப்பணித்தனரென்றும் 725இல் பீட் எழுதுகின்றார். அயர்லாந்திலே அண்மைக் காலம் வரை மாட்டின் நாளுக்கு முன்னிரவிற் சேவலையோ வாத்தையோ கொன்று அதன் குருதியை வாயிற்படியிலும் வீட்டின் மூலைகளிலும் தெளித்தனர். பிறேசரின் வழிவந்தோர் இதனை எச்சம் என்பர். ஆயின், எச்சம் என்று பெயரிடுவது விளக்கமாகாது. பழைய சடங்கு எஞ்சி நின்றமைக்குக் காரணம், அதனைத் தோற்றுவித்த உற்பத்தி நிலை எஞ்சி நின்றமையே. மாட்டின் நாளிற் சக்கரம் எதுவும் சுழலலாகாது என்ற அயர்லாந்து விலக்கும் அத்தகையதே. நூற்புச் சக்கரமும் ஆலைச் சக்கரமும் ஓய்ந்த அந்நாள், பெண்களின் ஓயாத உழைப்புக்குத் தெய்வத்தின் பெயராற் பெறப்பட்ட ஒருநாள் விடுதலை எனக் கருத இடமுண்டு.

உழைப்பின் பயன் கண்ணுக்குத் தெரியும் நாளே அதனைப் பறிப்பதற்கும் ஏற்ற நாளாகும். யேர்மன் மொழி பேசும் நாடுகளிற் குத்தகையும் வட்டியும் செலுத்தும் தவணை நாளாக மாட்டின் நாள் விளங்கியது. குடியானவர் நிலப்பிரபுவுக்குச் செலுத்திய பொருள்களுள் வாத்தும் ஒன்று. ஆயர் பதவியை ஏற்க அஞ்சி மாட்டின் வாத்துகளிடையே ஒளிந்தாரென்றும், அவை கத்திக் காட்டிக்கொடுத்தமையாலேயே அந்நாளில் வாத்து உண்ணப்படுகின்றதென்றும் ஒரு கதை வழங்குகின்றது. செவரஸ் இக்கதையை அறியார். வாத்து குத்தகையாக வந்ததை மறந்த, அல்லது மறைக்க விரும்பிய, ஒரு காலத்தின் விளக்கமே இது. உழைப்பாகவும் பொருளாகவும் பணமாகவும் நிலவாரம் வடிவமாறிய முறையை மாக்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் விளக்குகின்றார். நாட்டார் கதையிற் கத்தும் வாத்து, பொருள்வாரத்தின் குரலே எனலாம்.

வட இங்கிலாந்தில் இந்நாள் இன்னொரு வடிவம் பெற்றது. அங்கு மணமாகாத இளைஞரும் யுவதியரும் பண்ணைகளில் ஓராண்டு ஒப்பந்தத்தில் தங்கி உழைத்தனர். 1981இல் வெளிவந்த தமது நூலில் ஆன் குஸ்மோல், முற்கால இங்கிலாந்தில் 15 முதல் 24 வயது வரையானோருள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் ஏதோவொரு வகைப் பணியாளராய் இருந்தனரென மதிப்பிடுகின்றார். யோர்க்ஷயரின் கிழக்குப் பகுதியில் இவர்களது ஆண்டு மாட்டின் நாளில் முடிந்தது. ஆண்டுக் கூலி அன்றுதான் கைக்கு வரும். அவர்கள் சந்தைத் தெருவில் நிற்பர். பண்ணையாளர் வந்து விலை பேசுவர். அச்சாரக் காசு கைமாறியதும் ஒப்பந்தம் முற்றுப்பெறும். ஆண்டு முடியுமுன் விட்டகன்றவன் கூலியை இழந்தான். 1823ஆம் ஆண்டின் எசமான் - பணியாள் சட்டம் அவனைச் சிறைக்கும் அனுப்பியது. எசமான் ஒப்பந்தத்தை மீறினால் அது குடியியல் வழக்கு மாத்திரமே. இந்த ஏற்றத்தாழ்வு 1875 வரை நீடித்தது.

இச்சந்தையை மனிதர் விற்கப்பட்ட இடமென்று மட்டும் கூறி அமைவது முழு உண்மையாகாது. பணியாளன் தன் எசமானை மாற்றக்கூடிய ஒரே வாரம் அதுவே. எந்தப் பண்ணையில் உணவு மோசம், எவன் கொடியவன் என்னும் செய்திகள் அங்கே பரவின. தீய பெயரெடுத்த பண்ணையாளன் ஆள் தேடி அலைந்தான். கிழக்கு யோர்க்ஷயரின் முதிய தொழிலாளரிடம் வாய்மொழிச் சான்றுகள் திரட்டி ஸ்டீபன் கோன்ஸ் எழுதிய நூல் (1991) இப்பேரப்பலத்தை எடுத்துக்காட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குருமார்கள் இச்சந்தைகளை ஒழுக்கக்கேட்டின் களங்களெனக் கண்டித்தமை இப்பின்னணியில் நோக்கற்பாலது. குடியும் கூத்தும் மாத்திரமன்றி, உழைப்போர் ஒன்றுகூடி விலை பேசியமையும் சந்தையை நிலைபெறச் செய்தது. கண்டனங்களையும் மீறி அது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்தது.

நாட்காட்டியும் இப்போராட்டத்துக்குப் புறம்பானதன்று. 1752இற் பிரித்தானியா கிறெகோரியன் நாட்காட்டியை ஏற்றபோது செப்டெம்பரில் 11 நாட்கள் நீக்கப்பட்டன. ஆனால், பாராளுமன்றத்தின் ஆணைப்படி புல் வளர்வதில்லை; ஓராண்டு உழைப்பையும் 11 நாட்களாற் குறைக்க முடியாது. யோர்க்ஷயர்ப் பணியாளரின் ஆண்டு, 'பழைய மாட்டின் நாளான' நவெம்பர் 23இலேயே தொடர்ந்து முடிந்தது. ஸ்கொட்லாந்திலோ 1990ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டின் தவணையை நவெம்பர் 28க்கு மாற்றியபோதும் பெயரை மாற்றவில்லை. அடியார் மறைந்தாலும் தவணை மறைவதில்லை.

இத்தாலியின் போ சமவெளியில் 'சன் மாட்டினோ செய்தல்' என்றால் வீடு மாறுதல் என்று பொருள். நவெம்பர் 11இற் குத்தகை முடிந்து, புதுப்பிக்கப்படாத வாரக்குடிகள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றி, குளிரின் தொடக்கத்திலே வேறொரு நிலவுடைமையாளனின் வாசலை நாடினர். நவெம்பர் நடுப்பகுதியிற் சிலவேளை தோன்றும் இளவெயிலை ஐரோப்பியர் 'மாட்டினின் கோடை' என்பர். ஏழைக்கு ஆடையீந்த அடியார்க்கு இறைவன் அளித்த கொடை என்பது கதை. வண்டியேறிய குடும்பங்களுக்கு அவ்வெயில் கவிதையன்று. வழியிற் குழந்தைகள் விறைக்காதிருக்கும் வாய்ப்பு.

இன்று யேர்மனியிற் குழந்தைகள் விளக்கேந்தி ஊர்வலம் செல்கின்றனர். குதிரைமேல் ஒரு மாட்டின் முன்னே செல்கின்றார். இவ்வூர்வலம் இன்றைய ஒழுங்கமைந்த வடிவத்தைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் றைன் பிரதேச நகரங்களிலாகும். அதற்கு முன்னர் ஏழைச் சிறுவர் வீடுவீடாகப் பாடி இரந்தனர். இரத்தல் மறைந்து ஈகையின் காட்சி எஞ்சியது. குத்தகை மறைந்து வாத்துக்கறி எஞ்சியது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு மாந்தர் ஒழுக்கத்தை நோக்கும் திணைமரபிற் பயின்ற நமக்கு, பருவமும் வாழ்வும் பிணைந்தவை என்பது புதிய செய்தியன்று. ஆனால், அப்பிணைப்பை இயற்கைக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட உறவாக மட்டும் காணுங்கால், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட உறவு நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றது. குளிர் எல்லார்க்கும் பொதுவாகவே வந்தது. அதன் சுமை பொதுவாகப் பகிரப்படவில்லை. பாதி மேலாடையைப் பெற்றவன் நன்றியுடையவனாகச் சித்திரிக்கப்படுகின்றான். அவன் ஏன் ஆடையின்றி நின்றான் என்பதை ஓவியங்கள் கேட்கவில்லை. நாட்டார் வழக்காற்றை ஆராயப் புகும் நாம் அதனைக் கேட்டேயாக வேண்டும்.