'துன்பம் நேர்கையில்' யாரோட பாட்டு?

நவரை நடவு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச ஒரு பாட்டைப் பத்தி இப்போ எழுதுறேன்.

'துன்பம் நேர்கையில்' பாட்டைக் கேட்காதவங்க கம்மி. சென்னையில வேலை பார்க்கிற என் அக்கா மகன் அதை "சஞ்சய் பாட்டு"ங்கிறான். காஞ்சிபுரத்துல தறி போட்டிருந்த என் மாமனார் கடைசி வரைக்கும் "ஓர் இரவு பாட்டு"ன்னுதான் சொன்னார். எழுதினவர் பேரையும் மெட்டுப் போட்டவர் பேரையும் ரெண்டு பேருமே விட்டுட்டாங்க.

எழுதினவர் பாரதிதாசன். 1891-ல புதுச்சேரியில பிறந்தவர். இது சினிமாவுக்குன்னு எழுதின பாட்டு இல்லை. மெட்டு எம்.எம். தண்டபாணி தேசிகர் போட்டது. தேவாரம் பாடி வளர்ந்தவர், 1942-ல வந்த 'நந்தனார்' படத்துல நந்தனாரா நடிச்சவர். அந்தக் காலத்துக் கச்சேரியில தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் முக்கால்வாசி. தமிழுக்குக் கடைசியில கொஞ்சம் இடம் குடுப்பாங்க. அதை மாத்தத்தான் தமிழிசை இயக்கம் கெளம்புச்சு, 1943-ல ராஜா அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில சென்னையில தமிழ் இசைச் சங்கம் வந்துச்சு. தேசிகர் அந்தப் பக்கம் நின்னவர். ஆனா இந்தப் பாட்டுக்கு அவர் எடுத்தது தேஷ் ராகம். வடக்கேயிருந்து வந்தது. ரேடியோவுல காலையில வர்ற வந்தே மாதரமும் தேஷ்தான். தமிழுக்காகச் சண்டை போட்டவர் வடநாட்டு ராகத்தை எடுத்ததுல எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

இப்போ எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். அறிஞர் அண்ணா 1909-ல காஞ்சிபுரத்துல நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர். 'திராவிட நாடு' பத்திரிகையை இங்கிருந்துதான் நடத்தினார். பாரதிதாசன் மேல அவருக்கு அவ்வளவு மதிப்பு. 1946 ஜூலையில நிதி திரட்டி 25,000 ரூபாய் பொற்கிழி குடுத்தாங்க, முன்னால நின்னு செஞ்சது அண்ணா. அப்போ அது சின்னத் தொகையா! அவர் எழுதின 'ஓர் இரவு' நாடகத்தை ஏவி.எம். 1951-ல படமா எடுத்தாங்க. ப. நீலகண்டன் இயக்கம், ஆர். சுதர்சனம் இசை. படத்துக்கான திரைக்கதையை அண்ணா ஒரே ராத்திரியில எழுதி முடிச்சார்னு இங்க பெரியவங்க பெருமையாச் சொல்லுவாங்க. தேசிகர் மெட்டோட இந்தப் பாட்டு படத்துக்குள்ள வந்துச்சு. பாடினது எம்.எஸ். ராஜேஸ்வரியும் வி.ஜே. வர்மாவும். நாகேஸ்வர ராவும் லலிதாவும் ஜோடி, அதனால ஜனங்க மனசுல இது காதல் பாட்டாவே பதிஞ்சிடுச்சு.

ஆனா கவிதையை ஒரு தடவை நிதானமாப் படிச்சுப் பாருங்க. மனசு நொந்த நேரத்துல யாழ் வாசிச்சு ஆறுதல் சொல்ல மாட்டியான்னு கேட்குது, சரி. அப்புறம் எது அறம் எது மறம்னு தெரியாம முழிக்கிறப்போ திருக்குறள்லேர்ந்து ஒரு சொல் எடுத்துக் காட்டச் சொல்லுது. பழைய தமிழ்க் கூத்து முறைப்படி ஆடிக் காட்டச் சொல்லுது. அகம், புறம்னு புலவர்கள் வகுத்த நூல்ல தேர்ச்சி காட்டணும்னு ஆசைப்படுது. அந்தக் கடைசி அடியில கேட்கிறவங்க தங்களை அவளைப் பெத்தவங்கன்னே சொல்லிக்கிறாங்க. அது காதலன் பேச்சே இல்லை, பெத்தவங்க மகள்கிட்ட பேசற பேச்சு! பொண்ணைப் படிக்க வைக்கவே யோசிச்ச காலத்துல, எனக்கு வழி தெரியலை நீ குறள் சொல்லும்மான்னு பெத்தவங்க மகள்கிட்ட கேட்கிற மாதிரி எழுதியிருக்கார்.

எனக்கும் ஒரே பொண்ணு. ஒரகடத்துல கம்பெனி வேலை, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு விடியக்காலையில பஸ்ல வந்து இறங்குவா. பத்தாவது முடிச்சதும் கல்யாணம் பண்ணிடுங்கன்னு எங்க சொந்தத்துல சொல்லாதவங்க இல்லை. இன்னைக்கு பேங்க்ல கடன் பேப்பர் வந்தா அவதான் படிச்சுச் சொல்றா. அதனால எனக்கு இந்தப் பாட்டு காதல் பாட்டாக் கேட்கிறதே இல்லை.

ராஜேஸ்வரியம்மாவைக் குழந்தைக் குரலுக்குத்தான் நிறைய பேருக்குத் தெரியும். 1960-ல 'களத்தூர் கண்ணம்மா'வுல சின்னக் கமலுக்குப் பாடினது அவங்கதான். 2018-ல காலமானாங்க. தேசிகர் கச்சேரிகள்ல இதைப் பாடினார். அப்புறம் பாம்பே ஜெயஸ்ரீ, நித்யஸ்ரீ, சஞ்சய் சுப்ரமண்யன்னு வரிசையா வந்தாங்க. சஞ்சய் பாடினதை யூடியூப்ல கேட்டேன், தேஷை அவர் இழுக்கிற இழுப்புல வரப்புல நின்னபடியே மெய்மறந்துட்டேன். ஒரு குறை மட்டும் உண்டு, அது பாடறவங்க குறை இல்லை: இன்னைக்கும் கச்சேரியில இதைக் கடைசித் துக்கடாவாத்தான் பாடறாங்க.

எனக்குப் பிடிச்சது இன்னும் 1951 ரெக்கார்டுதான். அதுல ஆலாபனை, சங்கதின்னு பெருசா ஒண்ணும் இருக்காது, ஆனா ஒவ்வொரு சொல்லும் காதுல தெளிவா விழும். முடிஞ்சா முதல்ல கவிதையைப் படிச்சுட்டு அப்புறம் அதைக் கேளுங்க. உங்களுக்கு யார் யார்கிட்ட பாடற மாதிரி கேட்குதுன்னு எழுதுங்க.