உப்புத் தண்ணீரும் குழந்தையின் மூச்சும்

பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கிறது. அரியலூர் மண்ணைத் தோண்டினால் கடல் கிளிஞ்சல் கிடைக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு இவை சாட்சி. அந்தக் கடல் போய்விட்டது. ஆனால் கடல்நீர் அளவுக்குக் கரிக்கும் ஒரு மருந்து குழந்தைகள் வார்டு வரை வந்த கதை சுவாரசியமானது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும் நோய் பிராங்கியோலைட்டிஸ். முதலில் சாதாரணச் சளிதான். பிறகு நுரையீரலின் மிகச்சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளும். குழந்தை இளைக்கும், பால் குடிக்கத் திணறும். பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம்தான் இதை முதலில் கண்டார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் அதைக் குழந்தைகளிடமும் கண்டறிந்தார். இது வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது.

மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் இழுக்கும் முறை பழையது. 1858-லேயே பிரான்சில் சேல்ஸ்-ஜிரோன் அதற்கு ஒரு கையடக்கக் கருவி செய்தார். இன்றைய நெபுலைசரின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. சாதாரண சலைனில் உப்பு 0.9 சதவீதம். இதையே 3 சதவீதமாக்கினால் ஏறக்குறைய கடல்நீர்! உப்பு தண்ணீரை இழுக்கும். அதனால் மூச்சுக்குழாயில் ஒட்டிய கெட்டிச் சளி இளகும் என்பதே இதன் கணக்கு.

2003-ல் இஸ்ரேலில் மாண்டெல்பெர்க் குழுவினர் இதைச் சோதித்தார்கள். சாதாரண சலைன் பெற்ற குழந்தைகள் சராசரியாக 4 நாள் மருத்துவமனையில் இருக்க, 3 சதவீத உப்புநீர் பெற்றவர்கள் 3 நாளில் வீடு திரும்பினார்கள். விலையோ மிகக் குறைவு. ஏழை நாடுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அடுத்தடுத்த சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. 2013-ல் ஜெய்ப்பூரில் 250 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் இரண்டு சலைனுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2014-ல் இங்கிலாந்து ஆய்வும் பலனில்லை என்றது. 2015-ல் அந்நாட்டு வழிகாட்டி நெறிமுறை இதைத் தர வேண்டாம் என்று எழுதியது. அமெரிக்க நெறிமுறையோ, வார்டில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு வேண்டுமானால் தரலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. சிறு பலன் உண்டா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

அப்படியானால் குழந்தையை எது காப்பாற்றுகிறது? தேவைப்பட்டால் ஆக்சிஜன், குடிக்க முடியாதபோது குழாய் வழியே பால், மூக்கடைப்பைச் சுத்தம் செய்வது, கூடவே சில நாள் பொறுமை. இவ்வளவுதான். "நெபுலைசர் வைக்கலையா?" என்று கேட்கும் தாயிடம், இது தானாகவே குறையும், கவனித்தால் போதும் என்று சொல்வது கடினம். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுதான் உண்மை.

இந்த மண்ணின் உண்மையான மருத்துவ வரலாறும் இதிலேயே இருக்கிறது. 1995 வரை இந்தப் பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் திருச்சிதான். அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2007-ல் அரியலூர் பிரிந்தது. 2008-ல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2022-ல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இளைக்கும் குழந்தைக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. வீட்டு உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றுவது ஆபத்து. மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ, பால் குடிப்பது பாதியாகக் குறைந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் உப்பு எத்தனை சதவீதம் என்பது முக்கியமல்ல, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பதே முக்கியம்.