வானளாவிய கட்டடங்களின் உயரம் எங்கிருந்து எதுவரை அளக்கப்படுகிறது?

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 1996-ஆம் ஆண்டில் உலகின் மிக உயரமான கட்டடமாக அறிவிக்கப்பட்டபோது, அமெரிக்காவின் சிகாகோ நகரில் அதிருப்தி எழுந்தது. அந்நகரின் சியர்ஸ் கோபுரம் (இன்றைய வில்லிஸ் கோபுரம்) இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெருமையைத் தன்வசம் வைத்திருந்தது. அதன் கூரை 442 மீட்டர் உயரத்தில் உள்ளது. மனிதர்கள் புழங்கும் தளங்களை மட்டும் ஒப்பிட்டால் பெட்ரோனாஸ் அதைவிடத் தாழ்வானதே. ஆனால், பெட்ரோனாஸின் உச்சியில் உள்ள கூர்முனை 452 மீட்டரை எட்டுகிறது. சியர்ஸ் கூரையின் மீது நின்ற ஒலிபரப்பு ஆன்டெனாக்களோ 500 மீட்டரையும் தாண்டியிருந்தன. கூர்முனை கணக்கில் சேர்க்கப்பட்டது, ஆன்டெனா சேர்க்கப்படவில்லை. பத்து மீட்டர் வித்தியாசத்தில் பட்டம் கைமாறியது.

ஒரு கட்டடத்தின் உயரம் என்பது ஒற்றை எண் அன்று. எங்கிருந்து, எதுவரை, எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுபடும் என்பதை அந்தச் சர்ச்சை உலகுக்கு உணர்த்தியது.

மூன்று அளவுகள்

உலகின் உயரமான கட்டடங்களைத் தரவரிசைப்படுத்தும் பணியை, 1969-இல் தொடங்கப்பட்ட உயர் கட்டடங்கள் மற்றும் நகர்ப்புற வாழ்விட மன்றம் என்ற பன்னாட்டு அமைப்பு மேற்கொண்டு வருகிறது. பெட்ரோனாஸ் சர்ச்சையை அடுத்து, உயரத்தை நான்கு வகைகளாகப் பிரித்து வெளியிடும் முறையை இந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. நவீன கட்டடங்கள் பலவற்றின் உச்சி தட்டையாக இல்லாததால், எது கூரை என்று வரையறுப்பது கடினமானது. எனவே, கூரை உயரம் என்ற வகை 2009-இல் கைவிடப்பட்டது. எஞ்சிய மூன்று வகைகள் வருமாறு:

முதலாவது, கட்டடக் கலை உயரம். வடிவமைப்பின் பிரிக்க முடியாத பகுதியாக உள்ள கூர்முனைகள் இதில் சேரும். ஆன்டெனா, கொடிக்கம்பம், விளம்பரப் பலகை ஆகியவை சேரா. 'உலகின் மிக உயரமான கட்டடம்' என்ற பட்டம் இந்த அளவின் அடிப்படையிலேயே வழங்கப்படுகிறது.

இரண்டாவது, மக்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் கடைசித் தளத்தின் உயரம்.

மூன்றாவது, உச்சிமுனை உயரம். ஆன்டெனா உட்பட எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுவரை இது அளக்கப்படுகிறது.

இம்மூன்றுக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றே. கட்டடத்தின் முக்கியமான, திறந்தவெளியில் அமைந்த, பாதசாரிகள் நுழையும் வாயில்களுள் மிகத் தாழ்வானதன் தரைமட்டத்திலிருந்து அளவு தொடங்குகிறது. சரிவான நிலத்தில் எழும் கட்டடங்களுக்கு இந்த விதி மிக முக்கியமானது. ஒரு பக்கம் தெருவும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள மனையில், வாயில் எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்து உயரம் பல மீட்டர் கூடவோ குறையவோ செய்யும்.

கூர்முனையா, ஆன்டெனாவா?

நியூயார்க்கில் 1929-ஆம் ஆண்டு கிரைஸ்லர் கட்டடமும் வால் ஸ்ட்ரீட்டின் 40-ஆம் எண் கட்டடமும் உயரத்துக்காகப் போட்டியிட்டன. கிரைஸ்லர் தரப்பினர் எஃகுக் கூர்முனை ஒன்றைக் கட்டடத்தின் மணிமுடிப் பகுதிக்குள் மறைவாகப் பொருத்தி, அவ்வாண்டு அக்டோபரில் திடீரென மேலே உயர்த்தினர். 319 மீட்டரை எட்டிய கிரைஸ்லர் போட்டியில் வென்றது. எனினும் 1931-இல் திறக்கப்பட்ட 381 மீட்டர் உயர எம்பயர் ஸ்டேட் கட்டடம் அந்தப் பெருமையை விரைவிலேயே பறித்துக்கொண்டது.

இதே கேள்வி 2013-இல் மீண்டும் எழுந்தது. நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டர் கட்டடம், அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்த ஆண்டை நினைவுகூரும் வகையில் 1,776 அடி, அதாவது 541 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்டது. அதன் கூரை 417 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சியது உச்சியில் உள்ள கம்பம். அக்கம்பத்தை மூடியிருக்க வேண்டிய அலங்கார உறை கட்டுமானத்தின்போது கைவிடப்பட்டதால், அது வெறும் ஆன்டெனாவா என்ற ஐயம் எழுந்தது. ஆன்டெனா என்று தீர்மானிக்கப்பட்டிருந்தால், அமெரிக்காவின் மிக உயரமான கட்டடம் என்ற பெயர் சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்திடமே நீடித்திருக்கும். அது கூர்முனையே என்று மன்றத்தின் குழு அவ்வாண்டு நவம்பரில் முடிவு செய்தது.

பயன்படாத உயரம்

துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம் கொண்டது. ஆனால், மனிதர்கள் பயன்படுத்தும் கடைசித் தளம் சுமார் 585 மீட்டரில் உள்ளது. அதற்கு மேல் உள்ள ஏறத்தாழ 29 சதவீத உயரத்தில் குடியிருப்போ அலுவலகமோ இல்லை. இப்பகுதியைத் தனியே தரையில் நிறுத்தினால், அதுவே 240 மீட்டருக்கும் அதிகமான உயரத்துடன் நிற்கும்.

எது கட்டடம் என்பதற்கும் வரையறை உண்டு. மொத்த உயரத்தில் பாதியேனும் பயன்படுத்தத்தக்க தளங்களைக் கொண்டிருந்தால்தான் அது கட்டடம். இதனால், 634 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ ஸ்கைட்ரீயும் 553 மீட்டர் உயரமுள்ள டொராண்டோவின் சி.என். டவரும் கோபுரங்களாகவே கருதப்படுகின்றன. குஜராத்தில் உள்ள ஒற்றுமைச் சிலையின் உயரம் 182 மீட்டர் என்றும், பீடத்துடன் சேர்த்து 240 மீட்டர் என்றும் இரு எண்கள் குறிப்பிடப்படுவதும் தொடக்கப்புள்ளியின் வேறுபாட்டால்தான்.

மாடிகளின் எண்ணிக்கையும் நம்பத்தக்க அளவுகோல் அன்று. மும்பையின் ஆன்டிலியா இல்லம் 27 மாடிகளை மட்டுமே கொண்டது. எனினும் அதன் உயரம் 173 மீட்டர். ஒவ்வொரு தளமும் வழக்கத்தைவிட மிக உயரமாக அமைக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

நகரங்களை ஒப்பிடும்போது

நகரங்களின் வான்கோட்டை ஒப்பிடுவதிலும் அளவுகோல் மாறினால் முடிவும் மாறுகிறது. 150 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களைக் கணக்கிட்டால், 500-க்கும் அதிகமானவற்றுடன் ஹாங்காங் முன்னணியில் நிற்கிறது. 300 மீட்டர் என்று வரம்பை உயர்த்தினால், துபாய் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. ஹாங்காங்கின் எண்ணிக்கை ஒற்றை இலக்கமாகச் சுருங்கிவிடுகிறது. இந்தியாவில் எந்த வரம்பை வைத்தாலும் மும்பையே முதலிடம் வகிக்கிறது. பரேல், லோயர் பரேல், வொர்லி ஆகிய பகுதிகளில் முன்பு பஞ்சாலைகள் இயங்கிய நிலங்களில் எழுந்த குடியிருப்புக் கோபுரங்கள் இதற்கு முக்கியக் காரணமாகும்.

கண்ணுக்குத் தெரியும் காட்சி இந்தக் கணக்குகளில் அடங்குவதில்லை. ஹாங்காங்கின் விக்டோரியா சிகரம் 552 மீட்டர் உயரமுடையது. அதன் சரிவில் நிற்கும் நடுத்தர உயரக் கட்டடம்கூட, துறைமுகத்திலிருந்து பார்ப்பவருக்குக் கரையோரத்தில் உள்ள கட்டடத்தைவிட ஓங்கித் தெரியும். தரவரிசை நுழைவாயிலிலிருந்து அளக்கிறது. பார்ப்பவரின் கண் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது.

இந்திய விதிகள் கூறுவது

பட்டத்துக்காக அளக்கும் உயரமும் பாதுகாப்புக்காக அளக்கும் உயரமும் வேறு வேறானவை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016-ஆம் ஆண்டின் தேசிய கட்டட நெறிமுறை, 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களை உயர் கட்டடங்கள் என்று வகைப்படுத்துகிறது. மாநிலங்களின் விதிகளில் இந்த வரம்பு மாறுபடலாம். தமிழ்நாட்டில் இது 18.30 மீட்டர். தட்டையான கூரையுள்ள கட்டடத்தின் உயரம், சுற்றியுள்ள நிலத்தின் சராசரி மட்டத்திலிருந்து, மக்கள் வசிக்கத்தக்க கடைசித் தளத்தின் மொட்டைமாடி வரை அளக்கப்பட வேண்டும் என்று நெறிமுறை கூறுகிறது. அலங்காரத்தைத் தவிர வேறு பயனில்லாத அமைப்புகள் இதில் சேர்க்கப்படுவதில்லை. உலகத் தரவரிசையில் பட்டம் பெற்றுத்தரும் கூர்முனைக்கு இங்கே மதிப்பில்லை.

விமானப் போக்குவரத்து விதிகளின் நோக்கு இதற்கு நேர்மாறானது. விமான நிலையத்துக்கு அருகில் கட்டடம் எழுப்ப, 2015-ஆம் ஆண்டின் விதிகளின்படி தடையில்லாச் சான்று பெற வேண்டும். அதில் கட்டடத்தின் உச்சி, கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஆன்டெனா, இடிதாங்கி என அனைத்தும் அதற்குள் அடங்கியாக வேண்டும். விமானிக்கு அலங்காரமும் ஆன்டெனாவும் ஒன்றே, இரண்டும் தடைகள்தாம்.

உயரம் மாறினால் கடமையும் மாறும் என்பதற்கு நொய்டா இரட்டைக் கோபுரங்கள் அண்மைக்கால உதாரணம். கட்டடத்தின் உயரம் கூடக் கூட, பக்கத்துக் கட்டடத்துடன் விட வேண்டிய இடைவெளியும் கூட வேண்டும். அந்தக் குறைந்தபட்ச இடைவெளி விதி மீறப்பட்டதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு, அவற்றை இடிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று உத்தரவிட்டது. குதுப்மினாரைவிட உயரமான அக்கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று சில விநாடிகளில் தகர்க்கப்பட்டன.

எந்த உயரம் முக்கியம்?

தீயணைப்பு வீரருக்கு வேண்டியது கூர்முனையின் உயரம் அன்று. மனிதர் இருக்கும் கடைசித் தளத்தின் உயரமே. மும்பை தீயணைப்புப் படை 90 மீட்டர் வரை எட்டும் ஏணி வாகனத்தை வைத்துள்ளது. ஆனால், அந்நகரின் பல குடியிருப்புகள் அதைப்போல் இருமடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டன. எனவேதான் 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் ஆபத்துக்காலத்தில் ஒதுங்கி நிற்பதற்கான புகலிடப் பகுதிகளைத் தேசிய கட்டட நெறிமுறை வலியுறுத்துகிறது. ஏணி எட்டாத உயரத்தில் இருப்பவர்களைப் படிக்கட்டுகளும் புகலிடப் பகுதிகளும் தண்ணீர்த் தெளிப்பான்களுமே காக்க முடியும்.

விளம்பரங்களில் காணும் உயரத்தையும் மாடிக் கணக்கையும் கொண்டு மட்டும் ஒரு கட்டடத்தை மதிப்பிட இயலாது. உயரமான குடியிருப்பில் வீடு வாங்க எண்ணுவோர், தங்கள் தளம் தரையிலிருந்து எத்தனை மீட்டரில் உள்ளது, அருகிலுள்ள புகலிடப் பகுதி எது, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று எத்தனை மாடிகளுக்கு வழங்கப்பட்டுள்ளது என்பவற்றைக் கேட்டறிவது அவசியம் என்பது குறிப்பிடத்தக்கது.