உரைகல்லும் மருந்துப் பாட்டிலும்

மயிலாடுதுறை வட்டாரத்தில் கைக்குழந்தை உள்ள வீட்டில் உரைகல் தனியாக இருக்கும். சுட்ட வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டு இத்தனை இழைப்பு என்று எண்ணி இழைத்து, சங்கில் புகட்டுவார்கள். இழைப்பின் எண்ணிக்கைதான் அளவு. பெரியவர்க்கு உரிய மருந்தைச் சிசுவுக்கு அப்படியே கொடுக்கக் கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் “தலைமுறையாகக் கொடுத்தோமே, என்ன ஆகிவிட்டது?” என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. சிசு மரணம் மலிந்த காலத்தில் எந்தக் குழந்தை எதனால் போனது என்று யார் எழுதி வைத்தார்கள்? ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் வாங்கிய வசம்பிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது ஆய்வில்தான் தெரிந்தது. 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

அப்படியானால் கடைச் சிரப் மட்டும் யோக்கியமா என்பார்கள். நியாயமான கேள்வி. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 1937இல் அமெரிக்காவில் சல்பா மருந்து வழியாக நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1972இல் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அது 48.6 சதவீதம் இருந்தது; அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இருபது பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். ஆயினும் பாட்டிலில் தொகுதி எண் இருந்ததால்தான் ஆய்வகம் நஞ்சைக் கண்டது, விற்பனை நின்றது. குழந்தை தேறும்வரை மருந்துப் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்.